விடுபடும் பிள்ளைகளைப் பதிவேட்டில் கண்டுபிடிப்பது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்கும் வழிகாட்டி ஆசிரியர்களுக்கு

மூன்று வருடம் முன்பு ஒரு ஜூன் மாதம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷத்திலிருந்து உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பு உங்களுக்கு" என்றார். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கும் முதுகலை ஆசிரியை. அமெரிக்காவில் 250 மாணவருக்கு ஒரு முழுநேர ஆலோசகர் வேண்டும் என்று அங்குள்ள பள்ளி ஆலோசகர் சங்கம் பரிந்துரைக்கிறது. நம் பள்ளிகளில் அந்த வேலை பாடம் நடத்தும் ஒருவர் தலையில்தான் கூடுதலாக விழுகிறது. எனக்கும் அப்படித்தான் விழுந்தது.

முதல் வருடமே ஒரு மாணவியைத் தவறவிட்டேன். நல்ல மதிப்பெண். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவளுக்குக் கல்லூரி இடம் கிடைத்திருக்கும். ஆனால் ஏழாம் வகுப்பை மட்டும் வேறு மாவட்டத்தில், அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்த ஊரின் அரசுப் பள்ளியில் படித்திருந்தாள். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவர இணையத் தளமான எமிஸில் அந்த ஓராண்டு காலியாக இருந்தது. அந்தப் பள்ளியிலிருந்து படிப்புச் சான்று வாங்கி வருவதற்குள் பதிவேற்றும் கடைசி நாள் முடிந்துவிட்டது. அவள் அழவில்லை. "பரவாயில்லை மிஸ்" என்றாள். அந்தக் காலியிடம் ஐந்து வருடமாக எங்கள் கணினியில் இருந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அதன்பிறகுதான் பதிவேடுகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். அந்த வேலையை எந்த வரிசையில் செய்வது, எங்கே சறுக்கும், எவ்வளவு நாளாகும், எவ்வளவு செலவாகும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

1. முதல் வாரம்: ஒரே ஒரு கேள்வி

எல்லாத் தரவையும் திரட்டிவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆகஸ்ட் வரை பட்டியல்தான் நீண்டது, ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு கேள்வி போதும். உதாரணமாக:

பத்தாம் வகுப்பில் அடிக்கடி வராமல் இருப்பவர்கள் யார்?
தகுதி இருந்தும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்காதவர்கள் யார்?
போதுமான மதிப்பெண் இருந்தும் பதினோராம் வகுப்பில் பர்ஸ்ட் குரூப் (கணக்கும் அறிவியலும்) எடுக்காதவர்கள் யார்?

மூன்றும் "யார்" என்று முடிவதைக் கவனியுங்கள். "எத்தனை சதவீதம்" என்று கேட்டால் பதிலாக ஓர் எண் வரும், அதை அறிக்கையில் எழுதிவிட்டுப் போய்விடுவோம். "யார்" என்று கேட்டால் பெயர் வரும். பெயர் வந்தால் சும்மா இருக்க முடியாது.

"இந்தப் பிள்ளைகள் ஏன் படிப்பதில்லை?" என்ற கேள்வியை மட்டும் எடுக்காதீர்கள். குற்றம் யாருடையது என்று அந்தக் கேள்வியே முடிவு செய்துவிடுகிறது. பிறகு எந்தத் தரவைப் பார்த்தாலும் அதற்குச் சாட்சியாகத்தான் தெரியும்.

2. தரவைக் கேட்டு வாங்குங்கள்

பெரும்பாலான தரவு பள்ளியிலேயே இருக்கிறது. எமிஸில் தலைமையாசிரியர் லாகினில் மாணவர் பட்டியல் முழுதும் கிடைக்கும். வகுப்பாசிரியர் லாகினில் அவரவர் வகுப்பு மட்டும். அதனால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அரைப் பக்கம் போதும்: என்ன கேள்வி, எந்த விவரங்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள். வாய்மொழி அனுமதியை நம்பி வேலை செய்தால், தலைமையாசிரியர் மாறுதலில் போனதும் எல்லாம் நின்றுவிடும். எனக்கு ஒருமுறை நின்றது.

எமிஸ் தவிர நான் பார்ப்பவை: சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகம், காலாண்டு, அரையாண்டு மதிப்பெண் பட்டியல், பஸ் பாஸ் பட்டியல், விடுதி மாணவர் பட்டியல், சத்துணவு எண்ணிக்கை. கடைசியாகச் சொன்னது பலருக்குத் தோன்றாது. பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. சாப்பிடும் எண்ணிக்கை வருகைப் பதிவோடு கொஞ்சமும் ஒத்துப்போகாமல் பல நாள் இருந்தால், வருகைப் பதிவைச் சந்தேகப்படுங்கள். பெயர் நீங்கிவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் நீண்ட நாள் வராத பிள்ளைக்கும் வருகை போடும் வழக்கம் சில வகுப்புகளில் உண்டு. அந்த நல்லெண்ணத்தால் பிள்ளை கண்ணில் படாமலே போய்விடுகிறது.

நாள் கணக்கு: அனுமதி முதல் பட்டியல் கையில் வரும் வரை இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் பாதியில் சேர்க்கை வேலை நடக்கும், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். மூன்றாவது வாரம் சரியாக இருக்கும்.

3. ஒரு தாள் தயார் செய்யுங்கள்

ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. என் தாளில் பதினொரு கலம் இருக்கிறது: வரிசை எண், வகுப்பு, ஆணா பெண்ணா, வசிக்கும் ஊர் (தெரு அல்லது குடியிருப்புப் பெயரோடு), எப்படி வருகிறார், ஐந்தாம் வகுப்பு அல்லது எட்டாம் வகுப்பு எங்கே படித்தார், சமூகப் பிரிவு, மாற்றுத்திறன் உண்டா, வராத நாள், காலாண்டு மொத்தம், விடுபட்ட சான்றிதழ்.

பெயர் இந்தத் தாளில் இல்லை. பெயரும் வரிசை எண்ணும் சேர்ந்த பட்டியல் தனியாக, தலைமையாசிரியர் பீரோவில் இருக்கிறது. ஏன் என்று எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

கணினி தெரியாதவர்கள் தயங்க வேண்டாம். நான் முதல் ஆண்டு செய்தது ஒரு நாற்பது பக்க நோட்டில்தான். நூறு பிள்ளைகளுக்கு இரண்டு மாலை போதும். ஊர்ப் பெயர் எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். ஒரே ஊரை ஒருவர் "மேலத்தெரு" என்றும் இன்னொருவர் ஊராட்சிப் பெயரிலும் எழுதியிருப்பார். சரிசெய்யாவிட்டால் அடுத்த படியில் எல்லாம் குழம்பிவிடும். ஊர்ப் பெயர் சந்தேகம் வந்தால் கிளார்க்கைவிட பஸ்ஸில் வரும் பிள்ளைகளைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

4. சராசரியை உடையுங்கள்

இந்த வழிகாட்டியில் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

ஒரு வகுப்பில் 40 பேர், காலாண்டில் 32 பேர் தேர்ச்சி என்று வையுங்கள். எண்பது சதவீதம். கூட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இப்போது பள்ளி இருக்கும் ஊரிலேயே வசிப்பவர்கள் 24, வெளியூரிலிருந்து வருபவர்கள் 16 என்று பிரியுங்கள். உள்ளூரில் 23 பேர் தேர்ச்சி, வெளியூரில் 9 பேர். ஒரு பக்கம் 96 சதவீதம், மறுபக்கம் 56. வகுப்பு அதேதான், ஆசிரியரும் புத்தகமும் அதேதான். எண்பது என்ற எண்ணுக்குள் இரண்டு பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது.

வருகையையும் இப்படியே பிரியுங்கள். வேலை நாளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராதவர்களைத் தனிப் பட்டியல் போடுங்கள். ஆண்டுக்கு 200க்கு மேல் வேலை நாள் என்றால் இருபது நாளைத் தாண்டியவர்கள் அந்தப் பட்டியலில் வருவார்கள். ஆண்டு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். ஆகஸ்ட் 15-க்குள் ஐந்து நாள் தாண்டியவரைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து முப்பது நாள் வராத பிறகு இடைநின்றவர் என்று கணக்கெடுக்க ஆள் வருவார்கள். நமக்கு வேண்டியது அதற்கு முந்திய இருபத்தைந்து நாள்.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பில் வராத நாள் அதிகமானவர்களைப் பார்த்தபோது முதலில் சமூகப் பிரிவு வாரியாகப் பிரித்தேன். இடைவெளி தெரிந்தது. ஆண், பெண் என்று பிரித்தேன். அதிலும் தெரிந்தது. ஓர் ஆசிரியர், "அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க அப்படித்தான் டீச்சர், வீட்ல கவனிக்கமாட்டாங்க" என்றார். சரி, ஊர் வாரியாகவும் பார்ப்போம் என்று பிரித்தேன். பதினான்கு பேர் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு குடியிருப்பிலிருந்து வந்தவர்கள். கிழமை வாரியாகப் பார்த்தால் திங்கட்கிழமை வரிசை முழுக்க சிவப்பு.

காரணம் ஒரு பஸ். காலை ஏழு ஐம்பதுக்கு வர வேண்டிய டவுன் பஸ் திங்கட்கிழமைகளில் கூட்டத்தோடு வந்து அந்த நிறுத்தத்தில் நிற்காமல் போய்விடும். அடுத்தது ஒன்பதே முக்காலுக்கு. பள்ளிக் கதவு ஒன்பதே காலுக்குப் பூட்டப்படும். தாமதமாக வருபவர்கள் முதல் பாடவேளை முழுக்க வெளியே நிற்க வேண்டும். திங்கட்கிழமை முதல் பாடவேளை கணக்கு. இரண்டு வாரம் வெளியே நின்ற பிள்ளை மூன்றாவது வாரம் வராமலே இருந்துவிடும். இலவச சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் வருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நடை ஒன்றுதான் வழி.

அந்த இரண்டு குடியிருப்பும் காலனிகள். நம் ஊர்களில் ஊர், காலனி என்ற கோடே சாதிக் கோடுதான். அதனால்தான் சமூகப் பிரிவாகப் பார்த்தபோதும் இடைவெளி தெரிந்தது. பஸ் நிற்காதது, நிறுத்தம் தள்ளி இருப்பது, சாலை கடைசியாகப் போடப்படுவது எல்லாம் அந்தக் கோட்டின் வழியாகவே நடக்கிறது. சமூகப் பிரிவாக மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் அந்த ஆசிரியர் சொன்னதற்கு ஒரு புள்ளிவிவரம் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு பிரிவோடு நிற்காதீர்கள். குறைந்தது மூன்று விதமாகப் பிரித்துப் பாருங்கள்: யார், எங்கிருந்து, எந்தக் கிழமையில்.

இந்தப் படியில் இரண்டு இடத்தில் சறுக்கும். சிறு எண்ணில் சதவீதம் போடாதீர்கள். மூன்று பேரில் ஒருவர் தோற்றால் 33 சதவீதம் என்று எழுதுவது ஏமாற்று. பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்கு "மூன்று பேரில் ஒருவர்" என்றே எழுதுங்கள். இன்னொன்று, ஏற்கெனவே பள்ளியை விட்டுப் போனவர்கள் உங்கள் தாளில் இருக்கமாட்டார்கள். எமிஸ் பொதுத் தொகுப்பில் கிடப்பவர்களை, அதாவது மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறெங்கும் சேராதவர்களை, தனியாகத் தேடுங்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் பிள்ளைகள் இப்படித்தான் காணாமல் போகிறார்கள்.

5. எண்ணை எடுத்துக்கொண்டு பிள்ளையிடம் போங்கள்

எண் எங்கே பார்க்கச் சொல்கிறது என்பது வரைதான் தாளுக்குத் தெரியும். ஏன் என்பது பிள்ளைக்குத்தான் தெரியும். பஸ் விஷயத்தை எனக்குச் சொன்னது பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி ஒருத்தி. "ஏன் வரலை?" என்று கேட்டபோதெல்லாம் "உடம்பு சரியில்லை மிஸ்" என்றே சொல்லிவந்தாள். "திங்கட்கிழமை காலையில எழுந்ததுலேர்ந்து என்ன நடக்கும், வரிசையா சொல்லு" என்று கேட்டேன். தண்ணீர் பிடிப்பது, தம்பியைக் கிளப்புவது, நிறுத்தத்துக்கு ஓடுவது, கை காட்டுவது, பஸ் போய்விடுவது, எல்லாம் வந்தது. "ஏன்" என்ற கேள்வி பிள்ளைக்கு விசாரணையாகக் கேட்கிறது. "என்ன நடக்கும்" என்று கேளுங்கள்.

ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம். உணவு இடைவேளையில், மரத்தடியில், மற்றவர் கண்ணில் படும்படியும் காதில் படாதபடியும். பட்டியலில் இருப்பவர்களை மட்டும் கூப்பிட்டால் அடையாளப்படுத்தியதாகிவிடும். பட்டியலில் இல்லாத நான்கைந்து பேரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள்.

பேச்சில் வேறு விஷயங்கள் வெளிவரும், அதற்குத் தயாராகப் போங்கள். பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுப்பது கட்டாயம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். பதினோராம் வகுப்புப் பெண்பிள்ளை திடீரென வராமல் போனால் திருமண ஏற்பாடா என்று பாருங்கள். இரண்டுக்கும் குழந்தைகள் உதவி எண் 1098. மனம் சோர்ந்த பிள்ளைக்கு 14416. இந்த எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள், அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

6. பதினோராம் வகுப்பு குரூப்பைத் தனியாகப் பாருங்கள்

பள்ளியே கதவைத் திறக்கிற, மூடுகிற இடம் இது. மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் சில நாளில் யாருக்கு எந்த குரூப் என்று முடிவாகிவிடும். உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு மருத்துவமும், கணக்கு எடுக்காத பிள்ளைக்குப் பெரும்பாலான பொறியியல் படிப்பும் அநேகமாக அன்றோடு முடிந்தது.

போன ஆண்டுப் பட்டியலை எடுங்கள். பத்தாம் வகுப்பில் 350-க்கு மேல் எடுத்தவர்களை மட்டும் தனியாக எழுதுங்கள். அவர்களில் பர்ஸ்ட் குரூப் யார், காமர்ஸ் யார், தொழிற்கல்வி யார்? ஒரே மதிப்பெண்ணில் இருக்கும் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் பட்டியலில் ஒரு நடுநிலைப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தவர்கள் ஒருவர்கூட பர்ஸ்ட் குரூப்பில் இல்லை. மதிப்பெண் இருந்தது. விசாரித்தால், சேர்க்கை நாளில் அவர்களிடம் "கணக்கு கஷ்டம், பாத்துக்கோ" என்று சொல்லியிருக்கிறோம். உள்ளூர்ப் பிள்ளைகளிடமும் அதையேதான் சொன்னோம், ஆனால் அவர்கள் வீட்டில் ஓர் அண்ணனோ அக்காவோ "பரவாயில்லை, எடு" என்று சொல்ல இருந்தார்கள்.

நாங்கள் மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. ஏப்ரலில், தேர்வு முடிந்த மறுநாள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து எந்த குரூப் எடுத்தால் எந்தப் படிப்பு என்று ஒரே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தோம். நகல் ஒன்றுக்கு ஒரு ரூபாய். சேர்க்கை மேசையில் "கஷ்டம்" என்ற சொல்லுக்குத் தடை. குரூப் மறுக்கப்பட்டால் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் ஒரு விதி போட்டார். எழுத வேண்டும் என்றதும் மறுப்பதே குறைந்துவிட்டது.

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வுக்கும் (என்.எம்.எம்.எஸ்.) இதே கணக்கைப் போடுங்கள். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமான வரம்பு மூன்றரை லட்சம். எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதைவிட, தகுதி இருந்தவர்களில் எத்தனை பேரை நாம் விண்ணப்பிக்க வைத்தோம் என்று எண்ணுங்கள். "நல்லாப் படிக்கிற பத்துப் பேர்" என்று வகுப்பாசிரியர் மனதில் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்தான் நம் வேலை.

7. சான்றிதழ்: ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

வருடாவருடம் ஒரே கதை. மே மாதம் முடிவு வரும், எல்லோரும் ஒரே நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடுவார்கள். அதே நேரத்தில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி, அதாவது வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும். கிராம நிர்வாக அலுவலர் கிடைக்கமாட்டார். அதனால் விடுபட்ட சான்றிதழ் என்ற கலத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே நிரப்புங்கள்.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று. நான்கும் இ-சேவையில். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய், ஆக 240. முதல் தடவை என்றால் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று பதிய வேண்டும்; ஆதார், குடும்ப அட்டை, புகைப்படம், ஓடிபி வரும் செல்பேசி நான்கும் கையில் வேண்டும். செல்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பார், அதற்காகவே பலர் திரும்பி வருகிறார்கள். ரசீதில் உள்ள தொகைக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் முன்பே சொல்லுங்கள். உண்மையான செலவு கட்டணமில்லை. ஒரு நாள் கூலி போகும், இரண்டு மூன்று தடவை அலைந்தால் மூன்று நாள் கூலி. இதனால்தான் வீடு தள்ளிப்போடுகிறது. அக்கறை இல்லாமல் இல்லை.

சாதிச் சான்றில் எல்லோருக்கும் ஒரே வேகம் கிடையாது. பிற்படுத்தப்பட்டோருக்குத் துணை வட்டாட்சியர் நிலையிலும், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் நிலையிலும் முடிந்துவிடும். பழங்குடிப் பிள்ளைக்குக் கோட்டாட்சியர் தர வேண்டும். விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். உங்கள் தாளில் பழங்குடிப் பிள்ளை இருந்து சாதிச் சான்று இல்லை என்றால் மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் அதை எடுங்கள். அப்பா, பெரியப்பா, அத்தை என்று குடும்பத்தில் யாரிடமாவது சான்று இருக்கிறதா என்று கேட்டு அதன் நகலை இணையுங்கள்.

முதல் தலைமுறைச் சான்றுக்குத் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லை என்று காட்ட வேண்டும். அண்ணன் ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. பிள்ளைக்குத் தெரியாமல் கடைசியில் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் எமிஸ், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்குள் திருத்த வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் அச்சான பிறகு திருத்துவது பெரும் அலைச்சல். பதினைந்து வயதில் ஆதாரில் விரல்ரேகையைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு இருந்தால் மட்டும் போதாது, ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். கல்லூரி போகும் பிள்ளைகளுக்கான புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

பள்ளிப்படிப்பு வரலாறு. ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி, எமிஸில் இருக்கிறதா என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பாருங்கள். ஒரு ஆண்டு காலி என்றால் அன்றே அந்தப் பள்ளிக்கு எழுதுங்கள். நான் தவறவிட்ட மாணவிக்காகத்தான் இந்த வரியை எழுதுகிறேன். இதற்கு வேண்டியது ஓர் அஞ்சல் உறையும் ஒரு தொலைபேசி அழைப்பும்.

கற்றலில் சிரமம் உள்ள பிள்ளைகள், பார்வை, செவித்திறன் குறைந்தவர்கள்: பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு விண்ணப்பம் போக வேண்டும், முகாம் நாள் கிடைக்க வேண்டும். ஜூலையில் ஆரம்பித்தால்தான் முடியும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற, வாய்மொழியில் மட்டும் நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளை உங்கள் தாளில் "சுமார்" என்று இருப்பான். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள்.

8. இந்தத் தாள் யார் கையில்?

வேலை தொடங்கிய வருடம் ஒரு காரியம் செய்தேன். கல்வி உதவித்தொகைப் படிவம் வந்ததும் வகுப்பில் நின்று, "எஸ்.சி. பிள்ளைங்கள்லாம் எழுந்து நில்லுங்க" என்றேன். நான் படிக்கும்போது எங்கள் ஆசிரியரும் அப்படித்தான் சொல்வார். ஏழு பேர் நின்றார்கள். எட்டாவதாக ஒரு பையன் நிற்காமல் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வருடம் அவனுக்கு உதவித்தொகை வரவில்லை. அதற்குக் காரணம் நான்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து சக மாணவர்கள் சாதிப் பகையில் வெட்டினார்கள். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் மாணவர் சாதி பற்றிய எந்தக் குறிப்பும் இருக்கக்கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. நாம் சமத்துவத்துக்காகத் திரட்டும் தாளே பிள்ளைகளைப் பிரித்துக் காட்டும் தாளாகிவிடக்கூடாது.

என் விதிகள் இவை. சமூகப் பிரிவுக் கலம் உள்ள கோப்பு வாட்ஸ்அப்பில் போகாது, ஆசிரியர் குழுவில்கூட. ஆசிரியர் கூட்டத்தில் காட்டும் தாளில் ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் குழுவும் தனியாக இருக்காது. ஊரும் சமூகப் பிரிவும் சேர்ந்தால் ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உதவித்தொகைப் படிவத்தை எல்லோருக்கும் கொடுப்பேன், தகுதி உள்ளவர்கள் நிரப்பித் தருவார்கள், மற்றவர்கள் வெறும் தாளைத் திருப்பித் தருவார்கள். பள்ளிக் கணினியில் மாணவர்களைத் தட்டச்சு செய்ய விடுவதில்லை. மே மாதம் பெயர்ப் பட்டியலைக் கிழித்துவிடுவேன். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரம் பற்றி 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாகவே பேசுகிறது. வெளியே யாராவது, தொண்டு நிறுவனமே ஆனாலும், பட்டியல் கேட்டால் தலைமையாசிரியர் கையெழுத்து இல்லாமல் கொடுக்காதீர்கள்.

9. கண்டுபிடித்ததை எங்கே கொண்டுபோவது

பள்ளிக்குள் மாற்றக் கூடியதை முதலில் மாற்றுங்கள், அதற்கு யாரிடமும் மனு போட வேண்டாம். பஸ் விஷயத்தில் முதல் வாரமே இரண்டு வேலை முடிந்தது: தாமதமாக வருபவரை வெளியே நிறுத்துவது நின்றது, திங்கட்கிழமை முதல் பாடவேளை கணக்கிலிருந்து உடற்கல்விக்கு மாறியது. பஸ்ஸுக்கு நான்கு மாதமானது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, மூன்று மாத வருகைக் கணக்கை இணைத்து, போக்குவரத்துக் கிளைக்கு அனுப்பினோம். "பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள்" என்று முன்பு இரண்டு தடவை எழுதியதற்குப் பதிலே வரவில்லை. பதினொரு திங்கட்கிழமையில் எட்டு நாள் பஸ் நிற்கவில்லை என்று தேதியோடு எழுதியபோது ஆள் வந்து பார்த்தார்கள்.

மேலாண்மைக் குழுவில் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு தாய் இருந்தார். பேசியது அவர்தான். "டீச்சர் கணக்கு எழுதிட்டு வந்திருக்காங்க, பாருங்க" என்று தாளைத் தலைவர் கையில் கொடுத்தார்.

அரையாண்டு முடிந்ததும் அதே தாளை, அதே பிரிவில் மறுபடி போடுங்கள். இடைவெளி குறையவில்லை என்றால் குறையவில்லை என்றே எழுதுங்கள். எங்களுக்கு வருகையில் குறைந்தது, கணக்குத் தேர்ச்சியில் அந்த ஆண்டு குறையவே இல்லை. விட்ட பாடத்தைத் திருப்பி எடுக்க யாரும் நேரம் ஒதுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மறு ஆண்டு சனிக்கிழமை வகுப்பு ஆரம்பித்தோம்.

10. பன்னிரண்டு முடிந்தபிறகும் ஒரு கலம்

தேர்ச்சிப் பட்டியலோடு கோப்பை மூடாதீர்கள். ஜூன் 15, ஆகஸ்ட் 1 இரண்டு நாளும் போன ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து எங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நூறு பேருக்கு மூன்று மாலை ஆகும். அம்மாவின் எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் மார்ச்சிலேயே வாங்கி வைத்தால்தான் இது நடக்கும். தேர்வு முடிந்ததும் பாதிப் பிள்ளைகள் சிம் கார்டை மாற்றிவிடுவார்கள். எங்கும் சேராதவர்களுக்கு அரசின் 'உயர்வுக்குப் படி' முகாம் நடக்கும், அங்கேயே கல்லூரி, ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்க்கைக்கு வழி செய்கிறார்கள். முகாம் தேதியைச் சொல்வதோடு நிறுத்தாமல் பஸ் நம்பரையும் எடுத்துப்போக வேண்டிய சான்றிதழ்களையும் சொல்லுங்கள்.

போன ஆகஸ்டில் ஒரு பெண் போனை எடுத்து, "துணிக்கடையில நிக்கிறேன் மிஸ், அப்புறம் பேசவா" என்றாள். இரவு ஒன்பதரைக்கு அவளே கூப்பிட்டாள். மாற்றுச் சான்றிதழும் சாதிச் சான்றும் இருந்தன, வருமானச் சான்று மட்டும் காலாவதியாகியிருந்தது. அறுபது ரூபாய், எட்டு நாள். அரசுக் கலைக் கல்லூரியில் காலியிடம் இருந்தது, சேர்ந்துவிட்டாள்.